மாடி வீட்டுப் பகடை

பீமாராவிடம் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதற்குள் பகடைகள். ஒன்றுக்கு நான்கு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்குப் பன்னிரண்டு, ஆகப் பெரியதற்கு இருபது முகம். எல்லாம் கருநீலக் கண்ணாடி போலப் பளபளக்கும். ஒருமுறை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பையின் முடிச்சு அவிழ்ந்து அவை தரையில் உருண்டோடின. ஜூஸ் கடைக்காரர் ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்து, “ராசிக்கல்லாண்ணே? எந்த ராசிக்கு?” என்று கேட்டார். விளையாட்டுச் சாமான் என்று பீமாராவ் சொன்னதை அவர் நம்பவில்லை. நாற்பதைத் தொடப்போகும் ஆள், காதோரம் நரைத்த ஆள், விளையாட்டுச் சாமானைப் பையில் கட்டிக்கொண்டு திரிவானா என்பது போலப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஸ்கேன் சென்டரில் பீமாராவ் எக்ஸ்ரே எடுப்பவன். காலையிலிருந்து மாலைவரை அவன் பேசுவதெல்லாம் இவ்வளவுதான். “சங்கிலியைக் கழட்டிருங்க. நெஞ்சை ஒட்டி நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. விடுங்க.” வருகிற ஒவ்வொருவரின் எலும்பையும் பார்த்துவிடுவான். முகத்தை அவனும் பார்ப்பதில்லை, அவன் முகத்தை அவர்களும் பார்ப்பதில்லை.

அந்த விளையாட்டைப் பெங்களூரில் கற்றுக்கொண்டான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வட்டமாக உட்கார்ந்து ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். காட்டு வழியில் பாலம் உடைந்து கிடக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்பவர் கேட்பார். தாண்டிக் குதிக்கிறேன் என்று சொன்னால் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் அக்கரை. ஒன்று விழுந்தால் பள்ளம். வென்றவர் தோற்றவர் என்று யாரும் கிடையாது. கதை மட்டும் வாரா வாரம் நீண்டுகொண்டே போகும்.

பீமாராவுக்கு அது பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவனுடைய பெயரை அப்பா ஆசை ஆசையாக வைத்தார். அந்தப் பெயரில் அவனுக்குப் பெருமை உண்டு. ஆனால் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர் கண்ணுக்குள், இவன் என்ன சாதி என்று ஒரு கணக்கு ஓடி முடிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருந்தான். விளையாட்டில் அவனுக்குக் கருவேலன் என்று பெயர். பூட்டுத் திறக்கிறவன், பாட்டுக் கட்டுகிறவன். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் எதையும் கணக்குப் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுந்திருக்கும்போது உடம்பு லேசாகியிருக்கும்.

அந்தக் கூட்டம் சண்டை எதுவும் இல்லாமலேயே கலைந்தது. ஒருவன் கனடா போனான். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. இன்னொருவன் வாரேன் வாரேன் என்று சொல்லி வராமலே இருந்தான். அந்தச் சமயத்தில் திருவாதவூரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, பீமாராவ் மதுரைக்கே வேலை தேடிக்கொண்டு வந்துவிட்டான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு திரும்பிப் போகலாம் என்று நினைத்தபோது, பெங்களூரில் போய்ப் பார்க்க ஆள் ஒருவரும் இல்லை.

திருநகரில் மாடி வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் ராஜபாண்டி, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். மனைவி ஒச்சம்மாள் இறந்த பிறகு கீழ் வீட்டில் தனியாக இருந்தார். தரகர் பீமாராவின் பெயரைச் சொன்னதும் ராஜபாண்டி கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “மோட்டார் போட்டா மறக்காம நிறுத்தணும். தண்ணி வழியக் கூடாது” என்றார். வீடு கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதன்பின் இருவருக்கும் இடையில் மோட்டாரைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மதுரையில் விளையாட ஆள் தேடி அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வேலை பார்க்கும் இடத்தில் கேட்டான். வரவேற்பில் உட்காரும் முத்துமீனாவுக்குக் கதை என்றால் உயிர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ்களை ஒதுக்கிவிட்டு மேஜையில் பகடைகளைப் பரப்பியதும் அவள் முகம் மாறிவிட்டது.

“என்னண்ணே இது, கணக்குப் பரீட்சைக்கு உக்காந்த மாதிரி இருக்கு. எது மேல வருதுன்னே தெரியல.”

“அது ஒண்ணுமில்லம்மா, உருட்டுனா தானா நிக்கும்.”

“எனக்குக் கதையை மட்டும் சொல்லுங்கண்ணே, கேட்டுக்கிர்றேன். இதைத் தொட வேணாம்.”

இருபது முகத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளி வைத்தாள். இதை எதிர்பார்க்காமல் பீமாராவ் கொஞ்சம் திகைத்தான். ஆள் மாறுவதற்கு, வேறொரு பெயரில் பேசுவதற்குத்தான் கூச்சப்படுவாள் என்று நினைத்திருந்தான். அதற்கெல்லாம் முன்னால், வாசலிலேயே ஒரு கல் தடுக்கிவிட்டது. அவள் கேட்டுக்கொண்டபடி கதையை மட்டும் சொன்னான். பகடை இல்லாத கதையில் என்ன நடக்கும் என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால் அவனுக்கே அது சலித்துவிட்டது.

பிறகு இணையத்தில் தேடி, காளவாசல் பக்கம் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிறு காலைகளில் ஆடும் பையன்களைக் கண்டுபிடித்தான். இன்ஜினியரிங் முடித்தவர்கள். அவர்களிடமும் இருபது முகப் பகடை இருந்தது. அதைப் பார்த்ததும் பீமாராவ் தன் சுருக்குப்பையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தான். சில வாரங்கள் சந்தோஷமாகப் போனான். ஆனால் அவர்கள் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். வெளிநாட்டில் பிரபலமான ஆட்டம். அதே டிராகன், அதே கோட்டை, அதே சட்டதிட்டம். ஒரு நாள் பீமாராவ், கடையில் கிடைக்கும் சாதாரண ஆறு முகப் பகடை இரண்டை வைத்தே ஆடக்கூடிய ஒரு ஆட்டத்தைச் சொன்னான். வைகை வறண்ட காலத்தில் நடக்கும் கதை, அவனே யோசித்து வைத்திருந்தது.

அவர்களுக்குத் தலைவன் போலிருந்த அழகுபாண்டி மரியாதையாகத்தான் பேசினான்.

“சூப்பரா இருக்குண்ணே. ஆனா இருபது விழுந்தாத்தான நமக்குக் கிக்கு. ரெண்டு கட்டையை உருட்டுனா பரமபதம் வெளாடுற மாதிரில்ல இருக்கும்.”

“ஒரு தடவை ஆடிப் பாப்போமே.”

“பாப்போம்ணே. இந்தக் கதை முடியட்டும்.”

அவர்கள் கதை முடிகிற கதை இல்லை என்பது பீமாராவுக்குத் தெரியும். ஒருத்தி பகடையைப் பார்த்துப் பயந்தாள், இவர்கள் அந்தப் பகடையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. கை எதற்குப் பழகியதோ அதற்குள்தான் மனசு வரும் போல. கொஞ்ச நாளில் அவனும் போவதைக் குறைத்துக்கொண்டான்.

அதன்பின் வீட்டிலேயே தனியாக ஆடத் தொடங்கினான். தரையில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தை விரித்து, அதில் ஆறு, மேடு, ஊர் எல்லாம் வரைந்து, கேள்வியையும் அவனே கேட்டு, பதிலையும் அவனே சொல்லி, பகடையை உருட்டுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ராஜபாண்டி. வீடு கொடுத்த நாளுக்குப் பிறகு அவர் மாடி ஏறியதே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

“கட்டை உருட்டுற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. வாராவாரம் கேக்குது. காசு வச்சு ஆடுறதெல்லாம் நம்ம வீட்டுல ஆகாது, சொல்லிப்புட்டேன்.”

“காசெல்லாம் இல்ல சார்.”

“உள்ள யாரு இருக்கா?”

பீமாராவ் விலகி நின்றான். ராஜபாண்டி வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். தரையில் விரித்த காகிதம், நீலப் பகடைகள், ஒரு தலையணை, தண்ணீர் பாட்டில். வேறு ஆள் இல்லை. அடுப்படிப் பக்கமும் பார்த்தார்.

“யாரு கூட வெளாடுற?”

“யாரும் இல்ல சார். தனியாத்தான்.”

திட்ட வந்தவருக்குத் திட்டுவதற்கு ஒன்றும் அகப்படாமல் போய்விட்டது. திரும்பிப் போவார் என்று பீமாராவ் எதிர்பார்த்தான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னதான் பண்ணுற, சொல்லு.”

பீமாராவ் சொன்னான். அவர் இருபது முகத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். உருட்டினார். அது ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்தது.

“இது நிக்கவே மாட்டேங்குது. நம்ம கைக்கு ஆகாது” என்று எழுந்து கீழே போனார். அவ்வளவுதான் என்று பீமாராவ் காகிதத்தைச் சுருட்டப் போகும்போது மறுபடி படியில் காலடி கேட்டது. ராஜபாண்டி கையில் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

“வீட்டுல அவ வெளாடுனது. இதை வச்சு ஆட முடியுமா ஒன் கதையை?”

முடியும் என்று பீமாராவ் சொல்லிவிட்டான். எப்படி என்று அவனுக்கே அப்போது தெரியாது. ராஜபாண்டி கட்டையைத் தேய்த்து உருட்டினார். ஒன்றில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை.

“தாயம்” என்றார், முகம் மலர்ந்து.

பீமாராவ் பழகிய ஆட்டத்தில் ஒன்று என்றால் ஆள் காலி. அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டான். தாயம் விழுந்து சந்தோஷப்பட்ட மனிதரிடம் நீங்கள் பள்ளத்தில் விழுந்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது? “ஆமா சார், தாயம். கதை தொறந்துருச்சு. உள்ள வந்துட்டீங்க” என்றான். தன்னுடைய சட்டங்களை எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தலைகீழாக மாற்றினான். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. ஐந்தும் ஆறும் விழுந்தால் இன்னொரு தரம். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வேறு பெயர் வைத்துக்கொள்ள அவர் ஒப்பவில்லை. “நான் ராஜபாண்டிதான். அங்கிட்டுப் போனாலும் ராஜபாண்டிதான்.”

“சரி சார். அங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“கரண்டு உண்டா அந்த நாட்டுல?”

“இல்ல சார்.”

“அப்ப நான் அங்க என்னத்தப் பாக்குறது?”

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பீமாராவ் யோசித்தான். “மின்னல் உண்டு. எந்த மரத்துல விழப்போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சு ஊருக்குச் சொல்ற ஆளு நீங்க” என்றான். ராஜபாண்டி தலையை மெல்ல ஆட்டினார். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்படி அவர் ஞாயிறு தோறும் மேலே வர ஆரம்பித்தார். கதைக்குள் ஆற்றோரமாக நடந்தார். கரையில் ஒரு பனையைக் காட்டி, அதில் இடி விழும் என்று சொல்லி ஆட்டிடையர்களை விலக்கி நிறுத்தினார். விழுந்தது. “பாத்தியா” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பீமாராவுக்கு வாரம் முழுவதும் எக்ஸ்ரே அறையில் நிற்கும்போதே அடுத்து என்ன நடக்கலாம் என்று மனம் ஓடும். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்லிவிட்டு விடச் சொல்ல மறந்தான் ஒருமுறை.

ஒரு ஞாயிறு, கதையில் மழை பிடித்துக்கொண்டது. ராஜபாண்டி நனைந்துகொண்டே போகிறார். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. கதவைத் தட்டினால் ஒரு அம்மாள் திறந்து, உள்ளே வாங்க என்கிறாள்.

“என்ன செய்றீங்க சார்?”

ராஜபாண்டி கட்டையைத் தேய்ப்பதை நிறுத்தினார். “அந்தம்மா என்ன ஆளுக?”

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பார்வையைத் தாழ்த்தினார். பீமாராவும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. எத்தனை தூரம் நடந்து வந்து, இல்லாத ஒரு நாட்டில், இல்லாத ஒரு வீட்டு வாசலிலும் அதே கேள்வி.

“இந்த நாட்டுல அதெல்லாம் யாருக்கும் தெரியாது சார்.”

“தெரியாட்டி எப்படி உள்ள போறது?” அவர் வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டார்.

“நனைஞ்சுக்கிட்டிருக்கீங்க. அதை வச்சு முடிவு பண்ணுங்க.”

வெகு நேரம் கட்டைகளைக் கைக்குள் வைத்திருந்தார். பிறகு, “போறேன்” என்றார். “உள்ள போறேன். கதையில போட்டுக்க.”

அன்று பீமாராவ் டீ போட்டுக் கொடுத்தான். ராஜபாண்டி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போது அது ஆறிப்போய் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. அடுத்த வாரம் அவர் வரும்போது கீழேயிருந்து பிளாஸ்க் நிறைய டீ கொண்டுவந்தார். “ஏலக்கா தட்டிப் போட்டது, குடி” என்று அவரே ஊற்றிக் கொடுத்தார். அது பிரியமா, தன் வீட்டு டீயிலிருந்து தப்பிக்கும் வழியா என்று பீமாராவுக்குப் பிடிபடவில்லை. டீ நன்றாக இருந்தது. குடித்தான்.

சித்திரை பிறந்த சமயத்தில் ஒரு நாள் இருவரும் ஆடிக்கொண்டிருந்தபோது, “மாப்ள, எங்க இருக்கீக?” என்று குரல் கொடுத்துக்கொண்டே ஒருவர் படியேறி வந்தார். ராஜபாண்டியின் மச்சினன் சுருளி, ஒச்சம்மாளின் அண்ணன். ஊரிலிருந்து பத்திரிகை வைக்க வந்தவர். கீழே ஆளைக் காணாமல் மேலே தேடி வந்துவிட்டார்.

ராஜபாண்டி தாயக்கட்டைகளை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். அவர் கை அவ்வளவு வேகமாக அசைந்து பீமாராவ் பார்த்ததில்லை.

“வயரிங்ல ஏதோ கோளாறுன்னு சொன்னாப்ல. பாக்க வந்தேன்” என்றார். சுவரில் இருந்த சுவிட்ச் போர்டை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பீமாராவைப் பார்க்காமலே, “எலக்ட்ரீசியனை வரச் சொல்லிப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே இருவரும் பேசுவது கேட்டது. சுருளி ஏதோ கேட்டார், ராஜபாண்டி சிரித்தார். கதையில் அவர் ஒரு பாழடைந்த மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். பீமாராவ் காகிதத்தைச் சுருட்டி வைத்தான்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. கேட்டில் எதிர்ப்பட்டால் மோட்டாரைப் பற்றிப் பேசினார். ஒரு நாள் பீமாராவ் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டான். ராஜபாண்டி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா சார்?”

“நீ என்னப்பா பண்ணுவ.” குழாயைக் கீழே போட்டார். “மச்சினன் கேட்டா என்னன்னு சொல்றது? தாயம் ஆடுறேன்னு சொன்னா, ஏன் அங்க போயி ஆடுறங்கிறான். கதை பேசுறோம்னு சொன்னா, தனியா இருந்து இருந்து இவனுக்குப் புத்தி கலங்கிப் போச்சுங்கிறான்.”

“சிநேகிதம்னு சொல்லலாமே சார்.”

செடியின் வேரில் தண்ணீர் தேங்கி வழிந்து வாசல்வரை ஓடியது. தண்ணீர் வழியக் கூடாது என்று சொன்ன மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மழைக்காலம் தொடங்கும் முன் அவருடைய மகன் ஜெயபாண்டி ஓசூரிலிருந்து வந்தான். அவன் மனைவி பிள்ளை பெற்றிருந்தாள், வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் நல்லது என்று அப்பாவை அழைத்துப் போக வந்திருந்தான். கிளம்புகிற அன்று காலை பீமாராவ் வேலைக்குப் புறப்பட்டு இறங்கும்போது ராஜபாண்டி படிக்குக் கீழே நின்றிருந்தார். மகன் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான், சுருளி உதவிக்கு வந்திருந்தார்.

ராஜபாண்டி ஒரு சாவியை நீட்டினார். “கீழ் வீட்டுச் சாவி. எம்புட்டு நாளாகும்னு தெரியல. வாரத்துக்கு ஒருக்கா உள்ள போயி சன்னலைத் தொறந்து விடு. பூட்டியே கெடந்தா சுவரு வேர்த்துப்போகும்.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சுருளி திரும்பிப் பார்த்தார். ராஜபாண்டியும் அவரைப் பார்த்தார். எதுவும் விளக்கவில்லை. பீமாராவ் சாவியை வாங்கிக்கொண்டு, “போயிட்டு வாங்கண்ணே” என்றான். சார் என்ற சொல் அன்றைக்கு ஏனோ வாயில் வரவில்லை.

“வாரேன்” என்று காரில் ஏறினார்.

அந்த ஞாயிறு பீமாராவ் முதல்முறையாகக் கீழ் வீட்டுக்குள் போனான். இத்தனை காலம் குடியிருந்தும் அந்த வாசலை அவன் தாண்டியதில்லை. தாண்டச் சொல்லி யாரும் கூப்பிட்டதும் இல்லை. இப்போது கூப்பிட ஆள் இல்லாத வீட்டுக்குள் தானே பூட்டைத் திறந்து போனான். சோபாவின் மேல் போர்வை விரித்திருந்தது. ஒச்சம்மாளின் படத்தில் மாலை காய்ந்திருந்தது. சன்னல்களைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். உட்காரலாமா என்று நினைத்தான். நடு வீட்டில் தரையில் உட்கார்ந்தான். வெளியே திருமங்கலம் ரோட்டில் பஸ் போகிற இரைச்சல் உள்ளே வந்து, சுற்றிவிட்டு, போயிற்று.

சாயங்காலம் ராஜபாண்டி போன் செய்தார்.

“உள்ள போனியா?”

“போனேண்ணே. சன்னலைத் தொறந்து வச்சேன்.”

“ஒண்ணும் கசியலயே?”

“இல்லண்ணே.”

பின்னணியில் குழந்தை அழுதது. அவர் இன்னும் ஏதோ கேட்பார் என்று பீமாராவ் காத்திருந்தான். அவரும் காத்திருந்தது போலிருந்தது. பிறகு, “சரி, வைக்கிறேன். இங்க கூப்புடுறாக” என்றார்.

அதன்பின் போன் வருவது குறைந்தது. தீபாவளிக்கு ஒரு தடவை பேசினார், குளிர் தாங்கவில்லை என்றார். ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை.

பீமாராவ் மறுபடி பேக்கரி மாடிக்குப் போகத் தொடங்கினான். பையன்கள் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். அவர்கள் கதையில் அதே டிராகன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அழகுபாண்டி, “என்னண்ணே, உங்க கட்டை கேமை ஆடுவோமா?” என்று கேட்டான், கேட்க வேண்டும் என்பதற்காக. “இது முடியட்டும்ப்பா” என்றான் பீமாராவ். அவனுக்கு அங்கே ஒரு மூலைப் பாத்திரம் கொடுத்தார்கள், கோட்டைக் காவலுக்கு நிற்கிறவன். பெரிதாகப் பேச வேண்டியதில்லை. மற்றவர்கள் கத்தி, சிரித்து, உருட்டும்போது அவன் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

மத்தியானம் வீடு திரும்பியதும் கீழ் வீட்டைத் திறந்து, சன்னல்களைத் தள்ளிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, இருட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அடைத்துப் பூட்டிவிட்டு மாடியேறிப் போவான்.